அத்தான் பாதியில் விட்ட விமானம்

பிரியமான அத்தான்,

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவதும் "வாங்க", "சாப்பிடுங்க" என்பதற்கு மேல் அதிகம் வராது. அது தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை உங்களோடு பேசாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பதும் அவ்வளவு மரியாதையான காரியம் இல்லை. மலாயில் எழுதலாமா என்று பார்த்தேன். உங்கள் வீட்டு மலாய் என் காதில் இருக்கிறது, கையில் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. ஆகவே தமிழ். அங்கே யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா?

களைப்பாக இருக்கிறது அத்தான். காலையில் பள்ளிக்கூடம். நகரத்தில் எனக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. சரித்திரமும் பூகோளமும் எடுக்கிறேன். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துக் காஜா பெராங்கில் இறங்கி உங்கள் வீட்டுக்கு வருவேன். மாலை வரை ஒட்டுவதும் தேய்ப்பதும். பிறகு மறுபடி பஸ், புக்கிட் காதிலில் எங்கள் வீடு, திருத்த வேண்டிய நோட்டுகள். விரல் நுனியில் பசை காய்ந்து காய்ந்து தோல் உரிந்துகொண்டே இருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சருக்கு என்னடி, சொறியா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது என் காதில் விழுந்தது. இல்லையம்மா, விமானம் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா?

கட்டி முடித்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். உங்கள் மேசையில் பாதியில் நின்ற விமானம் முடிந்தது, கிளேபாங் கடற்கரையில் பறக்கவும் செய்தது. இது நல்ல செய்திதான். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ரேடியோ கடையில் நாள் முழுவதும் ஊரார் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவர், அன்று உங்கள் சொந்தப் பெட்டியைத் திறப்பதற்குக் கை கழுவிவிட்டு வந்தீர்கள். உள்ளே ஒரு விமானம் இருக்கும் என்று எட்டிப் பார்த்த நான் ஏமாந்துபோனேன். மெல்லிய பலகைகள், குச்சிகள், சுருட்டி வைத்த தாள், போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடம். பால்சா மரம் என்று ஒரு பலகையை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். வைத்தது தெரியவில்லை. "ஆடிக், ஊதிவிடாதே, பறந்துவிடும்" என்று மலாயில் சொன்னீர்கள். என்னைத் தங்கை என்று கூப்பிட்டதே எனக்குக் கூச்சமாக இருந்தது. பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

படத்தில் எண்ணெய் எஞ்சின் போட்டிருந்தது. எண்ணெய் எஞ்சின் கத்தும், நாறும், ரேடியோ தொழில் செய்கிறவனுக்கு மின்சாரம்தான் மரியாதை என்று சொல்லி, பட்டாளத்து ஏலச் சாமானில் கிடைத்த ஒரு சின்ன மோட்டாரையும் பேட்டரிகளையும் மூக்கில் பொருத்தினீர்கள். கடையில் சிரித்தார்களாம். இவ்வளவு பாரத்தோடு தரையில் ஓடும், மேலே ஏறாது என்றார்களாம். கீழே இருந்து ஆணையிடும் பெட்டியை நீங்களே செய்தீர்கள்: ஒரு தகரப் பெட்டி, நீளமான கம்பி, ஒரே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் வால் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், அடுத்த முறை அழுத்தினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் போச்சு. அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அடுக்களைத் தரையில் வால் துண்டை மட்டும் வைத்து விளையாடினீர்கள். அவள் ஒவ்வொரு முறையும் மறந்தாள். வேண்டுமென்றே மறந்தாள் என்று எனக்குத் தோன்றியது. மறந்தால்தானே நீங்கள் மறுபடி சொல்லிக் கொடுப்பீர்கள்.

பிறகு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது இடது இறக்கை மேசையில் ஊசி குத்திக் காய்ந்துகொண்டிருந்தது. "யாரும் தொடாதீர்கள், வந்து நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றீர்கள். யாரும் தொடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா அக்காவை அழைத்துப்போக வந்தார். உங்களுக்கு அப்பாவைத் தெரியும். பலகைக் கடையில் லோரி ஓட்டுகிறவர்; பேச்சும் லோரி மாதிரிதான், ஒருமுறை கிளம்பினால் நிறுத்துவது கடினம். நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த ஆண்டில் உங்கள் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "தமிழ் பேசத் தெரியாத தமிழன் வீட்டுல என் பொண்ணு எப்படி இருப்பா?" என்று கேட்டவர். பிறகு உங்கள் மேல் உயிரையே வைத்தார், அது வேறு விஷயம். அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "துணிமணியை எடுத்து வைம்மா. போகலாம்" என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"இத முடிச்சிட்டு வர்றேன்பா."

"எத?"

அவள் மேசையைக் காட்டினாள். அப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, காத்தாடியா?"

"பிளேன். அவர் பாதியில வுட்டுட்டுப் போய்ட்டாரு. அப்படியே போட்டுட்டு எப்படி வர்றது?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். "நீதான் பி.ஏ. படிச்சிருக்கியே. கூடமாட இருந்து சீக்கிரமா முடிச்சுக் குடு." அவ்வளவுதான். சரித்திரம் படித்தவள் விமானம் கட்டுகிறவள் ஆனேன்.

உங்கள் அம்மா அப்போது வாசற்படி அருகே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா மாதிரி நானும் அவரை மாக் என்றுதான் கூப்பிடுகிறேன். மாக்குக்குத் தமிழ் புரியாது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று அவர் மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

முதலில் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். வரைபடத்தில் ஓர் இறக்கைதான் வரைந்திருந்தது, இடது. அதை நீங்கள் முடித்துவிட்டீர்கள். வலது இறக்கையை எதிர்க்கையாகக் கட்ட வேண்டும் என்று மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். சரி என்று தலையாட்டிவிட்டு, வரைபடத்தின் மேலேயே விலாக் கட்டைகளை நிறுத்தி, குண்டூசி குத்தி, பசை போட்டு, ஒரு மாதம் போல உழைத்து இன்னொரு இறக்கை செய்தோம். உடம்போடு வைத்துப் பார்த்தபோது அதன் முன்விளிம்பு பின்னால் பார்த்தது. திருப்பினால் வயிறு வானத்தைப் பார்த்தது. எப்படிப் பிடித்தாலும் அது இன்னோர் இடது இறக்கைதான்.

மாக் வந்து பார்த்தார். இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு மலாயில், "இரண்டும் இடது கையா? அப்போ இது எந்தக் கையால் சாப்பிடும்?" என்று கேட்டார்.

நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகையாகி, பிறகு மறுபடி சிரிப்பானது. அடுத்த சனிக்கிழமை வந்த அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், "ரெண்டு இடது கால் செருப்பு வாங்கின கதை. இதுக்கா பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பினேன்?" என்றார். நான் தலை குனிந்து நின்றேன். ஆனால் உள்ளுக்குள் வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. அக்காவின் முகத்திலும் அதையே கண்டேன்.

பூத்தையலுக்கு மாதிரியைத் திருப்பி எடுப்பது போல அக்கா வரைபடத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். மாக் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அதன் முதுகில் தடவினார். கோடுகள் மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தன. அதைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தோம். பழைய இறக்கையைப் பிரித்துப் பலகையை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன்; உடைந்தது. உங்கள் கடை நண்பர் எங்கிருந்தோ பால்சா வாங்கிக் கொடுத்தார்.

இறக்கைகளுக்குத் தாள் போர்த்தும் கட்டம் வந்தது. தாளை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினால் அது சுருங்கி மத்தளம் மாதிரி இறுகும் என்று குறிப்பு சொன்னது. நீங்கள் திறந்து வைத்த வார்னிஷ் புட்டி கட்டியாகக் கிடந்தது. சிங்கப்பூரில் என்னோடு படித்த தோழிக்கு, ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி எழுதினேன். அது வருவதற்குள் மாக், "என் கெபாயாச் சட்டைக்குப் போடும் கஞ்சி இருக்கிறதே" என்றார். கஞ்சி போட்டால் துணி விறைக்கும், தாள் விறைக்காதா? எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. வலது இறக்கைக்குப் போட்டுப் பார்த்தோம். சுண்டினால் டங்கென்று சத்தம் கேட்டது. எவ்வளவு அழகாக வந்தது என்கிறீர்கள்! எறும்பு ஏறாமல் இருக்கச் சாப்பாட்டு அலமாரியின் தலையில் வைத்தோம். அதன் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் நான் வந்தபோது இறக்கை முழுக்க எறும்பு. கஞ்சி இருந்த இடமெல்லாம் தாள் சல்லடையாகிவிட்டது.

"ஐயோ, ஐயோ" என்று மாக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கா விளக்குமாறு எடுக்கப் போனாள். நான் கீழே குனிந்து பார்த்தேன். கிண்ணங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

காலையில் எழுந்ததும் சாமி விளக்குக்கு முன்பே மாக் அந்தக் கிண்ணங்களுக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார். உங்களை எடுத்துப்போன அன்றுகூட ஊற்றினார், நானே பார்த்தேன். நிமிர்ந்தபோது விளக்குமாற்றோடு நின்ற அக்காவின் கண்ணும் கிண்ணத்தில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாக் எங்கள் இருவரையும் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. ஒருவர் விமானம் சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறார். ஒருவர் முடியவே கூடாது என்று வாயால் சொல்லாமல் செய்கிறார். நடுவில் அக்கா பசைக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் யாருக்காகக் கட்டுகிறேன் அத்தான்?

அப்பா கெட்டவர் இல்லை. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை லோரியில் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சம்பந்தியம்மா இருக்கிற வரைக்கும் சரி. மகராசி, என் பொண்ணைத் தாங்கறாங்க. அதுக்கப்புறம்? வீடு அவங்க ஆளுங்களுக்குப் போயிரும். பிள்ளை குட்டியும் கிடையாது. இவ அங்க யாருன்னு நிப்பா?" "அக்காவக் கேட்டீங்களாப்பா?" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

சிங்கப்பூரிலிருந்து வார்னிஷ் வந்து சேர்ந்தது. திறந்ததும் வீடு முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை. மாக் பழத்தைத் தேடிச் சட்டி பானையெல்லாம் திறந்து பார்த்தார். இந்த முறை தாள் இறுகியது, எறும்பும் வரவில்லை. உங்கள் கடை நண்பர் வந்து பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றி, வால் திரும்புகிறதா என்று சோதித்துக் கொடுத்துவிட்டுப் போனார். முடிக்காமல் இருப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. அக்கா ஒரு மணி நேரம் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு கிளேபாங் போனோம். அப்பா, மாக், அக்கா, நான். தண்ணீர் நன்றாக வற்றி மணல் அகலமாகக் கிடந்தது. மாக் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சோத்து மூட்டையைப் பார்த்தா நாமளும் அதுல ஏறப்போற மாதிரில்ல இருக்கு" என்றார் அப்பா.

அக்கா மலாயில் மொழிபெயர்த்தாள். "பெசான் ஏறினால் மணலை விட்டு நகராது" என்று மாக் திருப்பிக் கொடுத்தார். சம்பந்தியை அப்படித்தானே உங்கள் வீட்டில் கூப்பிடுவீர்கள். அப்பா அதை அக்கா சொல்லாமலே புரிந்துகொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

தகரப் பெட்டி அக்காவிடம். விமானத்தைக் கையில் பிடித்து எறிவது என் வேலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினேன். முதல்முறை அது என் கையை விட்டதும் மூக்கைக் கவிழ்த்து மணலில் இறங்கிவிட்டது. "பாரம் அதிகம்மா, பாரம். நான்தான் சொன்னேனே" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார். அவர் சொல்லவே இல்லை. அக்கா முகத்தில் எதுவும் தெரியவில்லை. அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றாள்.

இரண்டாவது முறை என் கை காலியானது. அவ்வளவுதான் தெரியும். நிமிர்ந்து பார்த்தபோது அது என் தலைக்கு மேலே இருந்தது. தையல் மெஷின் ஓடுவது போலச் சத்தம். ஏறவில்லை என்று சொல்ல முடியாது, ஏறியது என்று பெரிதாகவும் சொல்ல முடியாது; தென்னை மட்டை உயரத்துக்குப் போய், அதற்கு மேல் மனம் வராதது போல அதே உயரத்தில் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"திருப்பு, திருப்பு! சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திரும்!" இது அப்பா.

"கடைசியா எந்தப் பக்கம்டி?" அக்கா கத்தினாள்.

"இன்னும் அழுத்தவே இல்ல. இப்ப வலது!"

அழுத்திப் பிடித்தாள். வால் திரும்பியது. உங்கள் விமானம் கடலுக்கு மேல் சாய்ந்து, பெரிய வட்டம் போட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தது அத்தான். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தன. மாக் வாயைக் கையால் மூடிக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னார். பிறகு சத்தம் தேய்ந்தது. பேட்டரி அவ்வளவுதான். கரைக்குக் கொஞ்சம் முன்னால், முழங்கால் தண்ணீரில், வாத்து உட்காருவது போல உட்கார்ந்தது.

எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கியவர் அப்பாதான். காற்சட்டையை மடிக்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் வைத்தார். மூச்சு வாங்கியது. "மாப்பிள்ளை கெட்டிக்காரரு" என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா. முடிஞ்சிருச்சு. வர்ற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை லோரி கொண்டாறேன். சாமானெல்லாம் கட்டி வை" என்றார்.

அக்கா மொழிபெயர்க்கவில்லை. மாக் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. மணலில் மண்டியிட்டு இறக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"பாசா லாகி, பெசான்" என்றார். இன்னும் ஈரமாக இருக்கிறது சம்பந்தி.

"அப்படியா? காய எத்தன நாளாவும்?" என்று அப்பா என்னைக் கேட்டார். பி.ஏ. படித்தவளுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நான் சோற்று மூட்டையைப் பிரிக்கப் போனேன்.

சாப்பிட்ட பிறகு, சாலையோரக் குழாயடியில் உப்புப் போக விமானத்தைக் கழுவினோம். அக்காவும் நானும் மட்டும். பெரியவர்கள் இருவரும் தூரத்தில் மரத்தடியில் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு காலம் கேட்காததை அப்போதும் நான் நேராகக் கேட்கவில்லை. "கஷ்டமா இருக்காக்கா?" என்றேன்.

"எனக்கே ஒண்ணும் தெரியலடி" என்றாள். "யாராவது கேட்டா நல்லா இருக்கும்னு தோணும். கேட்டா பதில் சொல்லணுமேன்னு பயமாவும் இருக்கு. இந்தப் பிளேன் இருந்தவரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

குழாயை மூடினாள். பிறகு தாழ்ந்த குரலில், "போறதா இருந்தாலும் இப்ப முடியாது. போகி வருதுல்ல. பரச்சு வைக்கணும்" என்றாள்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன்; வாசிக்கிறவர்களில் சிலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். பொங்கலுக்கு முதல் நாள் உங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்கு வாழையிலை போட்டு, அவர்கள் விரும்பியதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். பிறகு வீட்டைக் கொஞ்ச நேரம் அவர்களுக்கே விட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். உங்களுக்கு இதுதான் முதல் வருஷம். முதல் வருஷத்து இலையைப் பெண்சாதிதான் போட வேண்டும், வேறு கை பட்டால் வந்தவர் வாசலோடு நின்று அவளைத் தேடிவிட்டுப் பசியோடு திரும்பிவிடுவார் என்று மாக் சொல்லியிருக்கிறார். பயமுறுத்தச் சொன்னாரா, அப்படித்தான் நம்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா நம்புகிறாள். "இந்த வருஷம் போட்டா அடுத்த வருஷம் மட்டும் யாரு போடுவா? அவரு பசியோட நிக்கறத நினைச்சுக்கிட்டு நான் புக்கிட் காதில்ல எப்படிடி சோறு திம்பேன்?" என்றாள்.

விமானம் முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொள்ள வேறொன்று வந்துவிட்டது. ஒரு பக்கம் லோரி, ஒரு பக்கம் இலை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளாலேயே யோசிக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலேயே இருக்க ஆசையாக இருக்கலாம். எங்களோடு வர ஆசையாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல் ரேடியோ கடையில் உங்கள் நாற்காலியில் போய் உட்கார ஆசையாக இருக்கலாம். வால் திருப்பும் கம்பியை அவள்தான் கடைசியில் பற்றவைத்தாள், உங்கள் நண்பர் பார்த்துவிட்டுக் குறை சொல்லவில்லை. எது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் பயமில்லாமல் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு வேண்டும்.

ஆகவே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அப்பா சொன்ன சனிக்கிழமை லோரி வந்து நிற்கும்போது நான் அங்கே இருப்பேன். எல்லாரும் இருக்கும்போது, அப்பாவைப் பார்த்து, "அக்கா என்ன சொல்றாளோ அதுதான்பா. அவளுக்குத் தெரியற வரைக்கும் லோரி வேணாம்" என்று சத்தமாகச் சொல்வேன். மாக்கிடமும் அதையே மலாயில் சொல்வேன். அப்பாவுக்கு எதிராக இதுவரை நான் வாய் திறந்ததில்லை, குரல் நடுங்கும். நடுங்கட்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். இந்தப் பக்கமும் அவர் கண்ணில் படும். பட்டால் சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் சுலபம்.

கேட்க நினைத்ததை இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்தேன். உங்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை அல்லவா?

போகியன்று யார் கையால் இலை போட்டாலும் வந்து சாப்பிடுங்கள் அத்தான். அக்கா சமைத்திருந்தால் அக்கா சமைத்ததை. அவள் அங்கே இல்லையென்றால் மாக் சமைத்ததை. நான் சமைக்கும்படி ஆகி, உப்புக் குறைந்திருந்தால் அதையும். வாசலில் நின்று அவளைத் தேட வேண்டாம். நேராக உள்ளே வந்து, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் மனைவியின் தங்கை, உங்களுக்கும் தங்கை,
தேவகி